அரையணா கேட்ட கணக்கு வாத்தியார்

வீட்டு வரி கட்டுறப்போ அதில் என்னென்ன சேர்ந்திருக்குன்னு நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? கெங்கவல்லி பேரூராட்சியில் கட்டினாலும் சரி, சேலம் மாநகராட்சியில் கட்டினாலும் சரி, சொத்து வரியோடு நூலக வரின்னு ஒண்ணும் சேர்ந்தே போகும். ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் வரி என்றால் நூறு ரூபாய் நூலகத்துக்கு. வருஷத்துக்கு ஒரு தடவைகூட நூலகப் படி ஏறாதவரும் கட்டித்தான் ஆகணும்.

இப்படி ஒரு வரி தமிழ்நாட்டில் இருப்பதற்குக் காரணம், சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியார். சீர்காழி இராமாமிர்தம் ரங்கநாதன். சுருக்கமா எஸ்.ஆர். ரங்கநாதன். ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாள் என்று நம்ம காலேஜ் லைப்ரரியில் மாலை போட்டு வைப்பாங்களே, அந்தப் படத்தில் இருப்பவர்தான். படத்துக்குக் கீழே இந்திய நூலகவியலின் தந்தை என்று எழுதியிருக்கும். தந்தை பட்டம் கொடுத்துவிட்டால் அதுக்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டாங்க. அவர் நூலகத்துக்கான பணம் எங்கிருந்து வரணும் என்று இருபது வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டவர் என்பது அந்த மாலையில் காணாமல் போயிடுது.

பிறந்தது 1892. அப்பா ராமாமிர்த அய்யர் ஓரளவு நிலபுலன் உள்ளவர். பையனுக்கு ஆறு வயசு இருக்கும்போதே இறந்துவிட்டார். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. சின்ன வயசில் திக்குவாய். பேசவே தயங்கின அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் முழுக்க மேடை ஏறினார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து 1916ல் எம்.ஏ. முடித்தார். அங்கே எட்வர்டு ராஸ் என்று ஒரு பேராசிரியர். ரங்கநாதன் வாழ்க்கை முழுக்க குருவாக நினைத்தது அவரைத்தான். பிறகு சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி. மங்களூர், கோவை, சென்னை பிரசிடென்சி என்று அரசுக் கல்லூரிகளில் கணக்கு வாத்தியார் வேலை. நோட்ஸ் டிக்டேட் பண்ணுவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பித் தேடிப் படிக்க வைப்பார். நம்மில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு சார் வந்தால் ஹெச்.ஓ.டி.கிட்ட புகார் போயிருக்கும்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். விருப்பப்பட்டு வந்த வேலை இல்லை. வாத்தியார் சம்பளம் கட்டுப்படியாகவில்லை, நண்பர்கள் விண்ணப்பிக்கச் சொன்னார்கள், கிடைத்துவிட்டது. வந்து பார்த்தால் நாள் முழுக்க ஒரு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், யாரும் வருவதில்லை. ஒரு வாரத்துக்குள்ளேயே வெறுத்துப்போய் பிரசிடென்சிக்கே திரும்பப் போய், பழைய வேலையைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். எப்படியும் பயிற்சிக்கு லண்டன் அனுப்புகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் உன் இடம் உனக்கே என்று பிரின்சிபால் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

அந்த லண்டன் பயணம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை. யுனிவர்சிட்டி காலேஜில் வகுப்பு. வழிகாட்டி பெர்விக் சேயர்ஸ். அவர் லண்டனை ஒட்டிய கிராய்டன் ஊரின் தலைமை நூலகர். நூலகங்களைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். ரங்கநாதன் நூறு நூலகங்களுக்கு மேல் பார்த்தார். தொழிலாளி வருகிறார், குழந்தைகள் வருகிறார்கள், அலமாரிக்குள் கையை விட்டுத் தானே எடுக்கிறார்கள். சென்னையில் புத்தகம் பூட்டின அலமாரியில். இங்கே புத்தகம் மக்கள் கையில்.

அவர் கவனித்த இன்னொன்று, இதற்கெல்லாம் பணம் வரும் வழி. இங்கிலாந்தில் 1850லேயே பொது நூலகச் சட்டம் வந்தாச்சு. வீட்டு மதிப்பில் பவுண்டுக்கு அரைப் பென்னி வரை நகராட்சி நூலகத்துக்கென்று வரி போடலாம். 1855ல் அது ஒரு பென்னி ஆனது. ஒரு பென்னியில் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் 1919ல் அந்த உச்சவரம்பையே தூக்கிவிட்டார்கள். ரங்கநாதன் போனது 1924ல். அதாவது வரம்பு போன ஐந்தாவது வருஷம். நூலகங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம்.

இதோடு ஆண்ட்ரூ கார்னெகியையும் சேர்த்துப் பார்க்கணும். அமெரிக்க எஃகு முதலாளி. உலகம் முழுக்க இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தவர். அவர் சும்மா செக் எழுதிக் கொடுக்கவில்லை. கட்டடத்துக்கு நான் தருகிறேன். இடம் நீங்கள் கொடுக்கணும், கட்டட மதிப்பில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் நடத்துற செலவுக்கு உங்கள் வரியிலிருந்து ஒதுக்கணும் என்பது நிபந்தனை. கட்டடம் ஒரு தடவை. புத்தகம், விளக்கு, சம்பளம் எல்லா வருஷமும். வீட்டில் பைக் வாங்கிக் கொடுத்தாலும் பெட்ரோல் யார் போடுவது என்று நமக்குள் நடக்கிற அதே பஞ்சாயத்துதான்.

லண்டனில் நடந்த இன்னொரு விஷயத்தை இன்ஜினியரிங் ஆட்கள் விட்டுவிடக்கூடாது. செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ செட் பார்த்தார். ஓட்டை போட்ட தகடு, கம்பி, சக்கரம், நட்டு போல்ட்டு. அதே துண்டுகளை வைத்து ஒரு தடவை கிரேன், இன்னொரு தடவை வண்டி. புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தலாமே என்று அங்கேதான் பொறி தட்டியது. அதுவரை உலகம் முழுக்க இருந்த டூயி முறையில் எல்லாத் தலைப்பும் முன்கூட்டியே போட்ட பட்டியலுக்குள் அடங்கணும். ஒரு மரத்தின் கிளைகள் மாதிரி. ரங்கநாதன் முறையில் பட்டியலே கிடையாது, துண்டுகள்தான். எடுத்துக்காட்டுக்கு நம்ம பக்கத்து விஷயம்: சேலம் மாவட்டத்தில் மரவள்ளியில் வந்த மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு புத்தகம். பயிர் எது, அதில் எந்தப் பிரச்சினை, என்ன செய்தார்கள், எங்கே, எப்போது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. நடுவில் முக்காற்புள்ளியைப் போட்டுக் கோத்துவிட வேண்டியது. கோலன் பகுப்புமுறை என்று 1933ல் புத்தகமாக வந்தது. ஃபிளிப்கார்ட்டில் பிராண்ட், விலை, ரேம், கலர் என்று ஃபில்டர் போட்டு மொபைல் தேடுறோமே, அதுக்குப் பின்னால் இருக்கிற சிந்தனையும் இதேதான். டி.பி.எம்.எஸ். பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட இது புரியும்.

1925ல் திரும்பி வந்தவர் பிரசிடென்சிக்குப் போகவில்லை. அதுக்கப்புறம் இருபது வருஷம் அந்த நூலகமே கதி. அலமாரிகளைத் திறந்துவிட்டார். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். சில பத்தாயிரம் புத்தகங்கள் லட்சத்தைத் தாண்டின. 1928ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கினார். அடுத்த வருஷமே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு. 1936ல் கடற்கரை எதிரே இன்றும் நிற்கிற பல்கலைக்கழக நூலகக் கட்டடம் வந்தது. நடுவில் வீட்டில் ஒரு பெரிய அடி: 1928ல் முதல் மனைவி ருக்மிணி திருவல்லிக்கேணி கோயில் குளத்தில் தவறி விழுந்து இறந்தார். அடுத்த வருஷம் சாரதாவை மணந்தார். லீவே போடாமல், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை பார்த்தார் என்று சொல்வார்கள். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் வீட்டில் சாரதா எப்படி இருந்திருப்பார் என்று யோசிப்பதில்லை. அவர் பெயர் இந்தக் கதையில் பின்னால் வரும்.

1931ல் வந்த ஐந்து விதிகள் புத்தகம் பற்றி எல்லா நூலகச் சுவரிலும் எழுதி வைத்திருப்பதால் நான் நீட்டவில்லை. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, எடுத்துப் படிக்க. ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு. தேடி வருபவரின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவ்வளவுதான் சாரம். முதல் விதிக்கு அடி எடுத்துக் கொடுத்தது பழைய ஆசிரியர் ராஸ்தான். ஆனால் இரண்டாவது விதியைக் கவனிங்க. ஒவ்வொருவருக்கும் என்று எழுதிவிட்டால், சென்னையில் மட்டும் நூலகம் இருந்தால் போதாது. கெங்கவல்லியில் சுவேத நதிக்கரையில் மரவள்ளி போடுகிறவருக்கும் இருக்கணும், பச்சைமலையில் இருப்பவருக்கும் இருக்கணும். அதுக்குக் காசு? அந்த வாக்கியத்தின் பில் தொகையைக் கட்டத்தான் மீதி வாழ்க்கை போனது.

முதலில் நன்கொடை வழியைப் பார்த்தார்கள். 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியை நூலகமாக்கினார். ரங்கநாதன் ஆர்வத்தோடு துணை நின்ற முயற்சி. இரண்டு மாடு, வண்டிக்குள் அலமாரி, ஊர் ஊராகப் போகும். அன்றைய தேதிக்கு அது சரியான டெக்னாலஜி. ரோடு இருந்த நிலைமைக்கு மோட்டாரைவிட மாடுதான் பொருத்தம், மாட்டுக்குப் புல்லும் ஊரிலேயே கிடைக்கும். ஊர் சனங்கள் புத்தகம் எடுத்தார்கள். படிக்கத் தெரியாத மக்களுக்கு எதுக்கு நூலகம் என்று கேட்டவர்களுக்கு அந்த வண்டி பதிலாக இருந்தது. ஆனால் ஒரு தனி மனிதரின் மனசையும் பையையும் நம்பி ஓடுகிற வண்டி எத்தனை ஊருக்குப் போகும்?

இன்னொரு மாதிரி பரோடா சமஸ்தானத்தில் இருந்தது. மன்னர் சாயாஜிராவ் 1910லேயே அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்து ஊர்தோறும் நூலகம் வைத்தார். செலவில் மூன்றில் ஒரு பங்கு மக்கள், ஒரு பங்கு உள்ளாட்சி, ஒரு பங்கு அரசு. அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கே மன்னர் மனசு வைத்தார், நடந்தது. மன்னர் மாறினால்?

ரங்கநாதன் இரண்டையும் பார்த்துவிட்டு சட்டம் பக்கம் வந்தார். 1930 டிசம்பரில் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். நூலகம் நடத்துவது அரசின் கடமை. அதுக்கு உள்ளூர் வரி. வரிக்கு மேல் அரசு மானியம். மூன்றும் எழுத்தில் இருக்கணும். வங்காளத்தில் முனீந்திர தேவ் ராய் இதை எடுத்துக்கொண்டு போனார். கட்டாயம் என்ற சொல் வருகிற இடத்தில் ஆங்கிலேய அரசுக்கு வயிற்றைக் கலக்கியது. சென்னையில் பஷீர் அகமது சயீத் 1930களில் மசோதா கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. நூலகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல விஷயம், ஆனால் பணம் என்றதும் பார்க்கலாம் என்றார்கள். பதினெட்டு வருஷம் பார்த்தார்கள்.

இதற்கிடையில் பல்கலைக்கழக நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் 1945ல் சென்னையை விட்டுக் கிளம்பினார். வயசு 53. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் புத்தகங்களைப் பதினெட்டு மாதத்தில் கிட்டத்தட்டத் தனி ஆளாக வகைப்படுத்தினார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம். சென்னையில் 1946ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர் ஆனார். ரங்கநாதனை ஏற்கெனவே அறிந்தவர், விஷயம் புரிந்தவர். மசோதா மறுபடி மேசைக்கு வந்தது. 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான்.

சட்டத்தின் கணக்கு எளிமையானது. வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு ஆறு பை. பை என்றால் புரியாதவர்களுக்கு: அப்போ ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை, ஆக மொத்தம் 192 பை. ஆறு பை என்பது அரையணா. முப்பத்திரண்டில் ஒரு பங்கு, மூணு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். இந்த அரையணாவை உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கட்டணும். சென்னை நகரம் தவிர மற்ற மாவட்டங்களில் வசூலான தொகைக்குக் குறையாமல் மாநில அரசும் மானியம் போடணும். போடலாம் இல்லை, போடணும். சட்டத்தில் அந்த ஒரு விகுதிக்காகத்தான் இத்தனை வருஷம்.

இதில் எனக்குப் பிடித்தது மாவட்டம் என்கிற அளவு. கெங்கவல்லி வசூலிக்கிற நூலக வரியை மட்டும் வைத்து கெங்கவல்லிக்கு நூலகம் என்றால், நம்ம ஊருக்கு நாலு பத்திரிகையும் ஒரு பெஞ்சும்தான் மிஞ்சும். ஆனால் பணம் ஒரே மாவட்டப் பெட்டியில் விழுகிறது. சேலம் டவுனில் பெரிய கட்டடம் வைத்திருப்பவர் கட்டுற நூலக வரியில் தம்மம்பட்டிக்கும் வீரகனூருக்கும் தெடாவூருக்கும் புத்தகம் போக வழி இருக்கு. போகுதா என்பது வேறு கேள்வி. வழி இருக்கு.

பிடிக்காததையும் சொல்லணும். வசூலான தொகைக்குச் சமமாக அரசு தரும் என்றால், நிறைய வசூலாகும் மாவட்டத்துக்கு நிறைய மானியம், கொஞ்சம் வசூலாகும் மாவட்டத்துக்குக் கொஞ்சம் மானியம். மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைத்த சட்டம் மாவட்டங்களுக்கு நடுவில் அதை இரட்டிப்பாக்கும். கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. முதலில் ஏதாவது ஒன்று சட்டமாகட்டும் என்று விட்டிருப்பார் என்பது என் ஊகம். சட்டமான வடிவத்தில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை. நூலகத்துக்கென்று தனி இயக்குநர்கூட நியமிக்காமல், பள்ளிக் கல்வி இயக்குநரே அதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1972 வரை அப்படித்தான் ஓடியது. அதிலும் ஒரு நல்லது நடந்தது: 1950களில் அந்த நாற்காலியில் நெ.து. சுந்தரவடிவேலு உட்கார்ந்தபோது பள்ளியையும் நூலகத்தையும் சேர்த்தே வளர்த்தார். காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், ரேடியோ என்று பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தது அவர் நடத்திய இயக்கம்தான்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். ரேடியோ போய் கம்ப்யூட்டர் வந்தாச்சு. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு. ரங்கநாதன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்த நிமிஷம் கேட்டிருப்பார்: ஆறாவது வருஷம் யார் கொடுப்பா? ஒன்றிய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒரு பள்ளிக்குக் கம்ப்யூட்டர் ஆய்வகம் வைக்க ஒருமுறை மானியம் 6.40 லட்சம் ரூபாய். அதை நடத்த வருஷத்துக்கு 2.40 லட்சம், ஐந்து வருஷத்துக்கு. பள்ளி நூலகத்துக்கு ஆண்டு மானியம் பள்ளியின் அளவைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை. கார்னெகி கணக்கோடு ஒப்பிட்டால் இந்த 2.40 லட்சம் தாராளம்தான். ஆனால் ஐந்து வருஷம் முடிந்ததும்? யு.பி.எஸ். பேட்டரி மூணு நாலு வருஷத்தில் படுத்துவிடும் என்பது எலெக்ட்ரிக்கல் பசங்களைக் கேட்டால் தெரியும். நான் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே பிளாஸ்டிக் கவர் போட்ட மானிட்டர்கள் வரிசையாக இருந்தன. கவரைக் கழற்றினால் தூசி விழும், ரிப்பேர் ஆனால் யார் கேட்டால் யார் செய்வார் என்று தெரியாது. அதனால் கவரைக் கழற்றவே மாட்டார்கள். பூட்டின அலமாரி மானிட்டர் ரூபத்தில் வந்த கதை.

மானியத்தில் இன்னொரு கண்டமும் இருக்கு. கொடுப்பவர் கையை மூடிவிட்டால் நின்றுபோகும். 2024-25ல் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதால் சமக்ர சிக்‌ஷா பணம் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரவில்லை. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. இதில் யார் பக்கம் சரி என்று கேன்டீனில் சண்டை போட்டுக்கலாம். எனக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: ஒரு எம்.ஓ.யு.வில் தொங்குகிற பணம் வேறு, சட்டத்தில் எழுதின பணம் வேறு.

அமெரிக்காவில் இ-ரேட் என்று ஒரு ஏற்பாடு இருக்கு. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தில் வந்தது. போன் கம்பெனிகள் வருமானத்தில் ஒரு பங்கை ஒரு நிதியில் கட்டணும்; அதிலிருந்து பள்ளிக்கும் பொது நூலகத்துக்கும் இன்டர்நெட் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி. ஊர் எவ்வளவு ஏழையோ அவ்வளவு தள்ளுபடி. நம்ம சட்டத்தில் குறை என்று மேலே சொன்னேனே, அதை அவர்கள் அடைத்துவிட்டார்கள். இது வரியா, வரி என்றால் யாருக்குப் போட அதிகாரம் என்று வழக்குப் போட்டார்கள். 2025 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த நிதி செல்லும் என்றது. நம்ம நாட்டிலும் டெலிகாம் கம்பெனிகள் வருமானத்தில் 5 சதவீதம் இதே மாதிரி நிதிக்குக் கட்டுகின்றன. பாரத்நெட் கேபிள் அந்தப் பணத்தில்தான் ஊராட்சிகளுக்கு வருகிறது. அதிலிருந்து ஊர்ப்புற நூலகத்துக்கும் பள்ளிக்கும் ஒரு பங்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் என்ன? யாராவது ஃபைனல் இயர் புராஜெக்டுக்குப் பதிலாக இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

சட்டம் எழுதிவிட்டால் பணம் தானாக வந்துவிடும் என்றும் இல்லை. மக்களிடம் வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் வருஷக்கணக்கில் ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் வைத்திருப்பது அடிக்கடி செய்தியில் வருவதுதான். ஆனால் பாக்கி என்று ஒன்று இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். வராத மானியத்துக்குப் பாக்கி கிடையாது.

ரங்கநாதனின் கடைசிப் பகுதி வேகமாகச் சொல்லக்கூடியது. 1954ல் டெல்லியை விட்டார். 1955 முதல் 57 வரை சூரிச்சில் எழுத்து வேலை. உலகத்தின் பெரிய நூலக வல்லுநர்களெல்லாம் அவருடைய கோலனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். 1957ல் பத்மஸ்ரீ. அந்தக் காலகட்டத்தில்தான் தன் ஆயுள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார். மனக்கசப்போடு வெளியேறிய அதே பல்கலைக்கழகத்துக்கு. 1950களின் ஒரு லட்சம். அன்று ஒரு வாத்தியார் கனவிலும் பார்க்க முடியாத தொகை. கட்டடம் கட்டச் சொல்லவில்லை, புத்தகம் வாங்கச் சொல்லவில்லை. முதல் அப்படியே இருக்கணும், வட்டியில் நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கணும். ஒருமுறை வரும் பணத்தை வருஷா வருஷம் வரும் பணமாக மாற்றுவதற்குத் தனி மனிதர் ஒருவர் கையில் இருக்கும் ஒரே வழி அதுதான். இருக்கைக்கு வைத்த பெயர் சாரதா ரங்கநாதன். அந்த லட்சத்தைச் சேர்த்த வீட்டை நடத்தினவர் அவர். எளிய சாப்பாடு, கதர், தேவைக்கு மேல் ஒரு சாமான் கிடையாது. அவருடைய சிக்கனம் ஊரறிந்தது.

பிறகு பெங்களூரு. 1961ல் அங்கேயும் சாரதா பெயரில் ஒரு அறக்கட்டளை. 1962ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் ஆவணவியல் ஆய்வு மையம் தொடங்கினார். 1965ல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் ஆனார். மாநிலம் மாநிலமாக நூலகச் சட்ட வரைவு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சிலர் சட்டமாக்கினார்கள், சிலர் வரியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சட்டமாக்கினார்கள், சிலர் அலமாரியில் வைத்தார்கள். மேற்கு வங்கத்தில் 1979ல் சட்டம் வந்தபோது அவர் இல்லை; முனீந்திர தேவ் ராயும் இல்லை.

1972 மே மாதம் ஒன்றிய அரசு ராஜாராம் மோகன் ராய் நூலக அறக்கட்டளையைக் கொல்கத்தாவில் தொடங்கியது. மாநிலம் ஒரு பங்கு போட்டால் அறக்கட்டளையும் ஒரு பங்கு போடும் என்பது அதன் முக்கியமான மானிய முறை. அதே வருஷம் தமிழ்நாட்டில் பொது நூலகத் துறைக்குத் தனி இயக்குநரகம் வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 27ல் பெங்களூருவில் ரங்கநாதன் இறந்தார். வயசு 80. ரூபாய்க்கு ஆறு பை என்பது பிற்பாடு 5 பைசாவாகி, 1990களில் 10 பைசா ஆனது.